நாலு பேர் தங்கும் அறையில் தூக்கம் எப்படி வருகிறது

ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் முதலில் "சாப்பிட்டியா" என்பார், அடுத்து "நல்லா தூங்கினியா" என்பார். சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவோம். தூக்கத்துக்கு ஒரு "ம்" போட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம். சென்னை தரமணியில் நாலு பேர் அறையில் இரண்டு வருடம் இருந்தபோது நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவன் இரவு 1 மணி வரை ஹெட்செட் போட்டுக்கொண்டு கேம் ஆடுவான். இன்னொருவன் பகுதிநேர வேலை முடித்து 12 மணிக்கு வந்து குளிப்பான். மூன்றாமவனுக்குக் காலை 5 மணிக்கு அலாரம். அது அடித்தால் அவன் திரும்பிப் படுப்பான், மற்ற மூன்று பேரும் எழுந்து உட்காருவோம்.

திருவல்லிக்கேணி மேன்ஷன், குரோம்பேட்டையில் நண்பர்கள் சேர்ந்து எடுத்த வீடு, ஓஎம்ஆர் பக்கத்து பிஜி, கல்லூரி ஹாஸ்டல் என்று இடம் மாறினாலும் நிலைமை இதுதான். கிடைக்கும் அறிவுரையும் ஒன்றுதான்: "போனை வச்சுட்டு பத்து மணிக்குப் படு." விளக்கை அணைக்கும் உரிமையே நம் கையில் இல்லாத அறையில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது மட்டுமில்லை, தூக்கம் வேலை செய்யும் விதத்துக்கே இந்த அறிவுரை சரியாகப் பொருந்துவதில்லை. எப்போது படுப்பது என்பதை நாம் முடிவு செய்யலாம். எப்போது தூங்குவது என்பதை உடல்தான் முடிவு செய்கிறது. தூக்கத்தைக் கொண்டுவர உடலுக்குள் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன, அதைத் தடுக்க இன்னொன்று இருக்கிறது. இந்த மூன்றும் புரிந்துவிட்டால், கூட்டமான அறையிலும் நம்மால் எதை மாற்ற முடியும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்துவிடும்.

களைப்பு வேறு, தூக்கம் வேறு

தமிழில் இதற்கு ஏற்கெனவே தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. "அசதியா இருக்கு" என்பது ஒன்று. "கண்ணைச் சொக்குது" என்பது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை முழுக்க பெசன்ட் நகர் கடற்கரையில் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தால் கால் வலிக்கும், உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கும். ஆனால் மாலை 7 மணிக்குப் படுத்தால் பலருக்குத் தூக்கம் வராது. மதியம் 2 மணி வகுப்பில் சும்மாதான் உட்கார்ந்திருப்போம், கண் தானாகச் செருகும். முதலாவது களைப்பு, கொஞ்சம் ஓய்வெடுத்தால் போய்விடும். இரண்டாவது தூக்கம், தூங்கினால்தான் போகும்.

"எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது" என்பவர்களில் பலர் களைப்பாக இருக்கும் நேரத்தில் படுத்துவிட்டு, தூக்கத்துக்காகக் காத்துக் கிடப்பவர்கள். அவர்கள் உடலில் கோளாறு எதுவும் இருக்க வேண்டியதில்லை. தூக்கத்துக்கான நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுப்பில் சேரும் சாம்பல்

விறகடுப்பு எரிந்தால் சாம்பல் சேரும். காலையில் பற்றவைத்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, இரவுக்குள் அடுப்பின் வாயை அடைத்துவிடும். அதை அள்ளி எடுத்தால்தான் மறுநாள் அடுப்பு நன்றாக எரியும். மூளையும் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஆற்றலைச் செலவழிக்கிறது. அந்தச் செலவில் மிஞ்சுகிற ஒரு வேதிப்பொருளின் பெயர் அடினோசின். மூளை செல்களின் மேல் அதற்கென்று இருக்கைகள் உண்டு. அடினோசின் சேரச் சேர அந்த இருக்கைகள் நிரம்பும், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் பகுதிகள் மெல்ல அடங்கும், கண் சொக்கும். விழித்திருக்கும் நேரத்தோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும் இந்தத் தேவைக்குத் தூக்க அழுத்தம் என்று பெயர். தூங்கும்போது அது இறங்கும், அதிலும் இரவின் முதல் சில மணி நேரத்தில் வேகமாக இறங்கும்.

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். அழுத்தம் போதுமான அளவு ஏறியிருந்தால் வெறும் பாயோ, ரயிலின் மேல் பெர்த்தோ, பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டரோ பொருட்டாகாது.

இதிலிருந்து ஒரு விஷயம் நேராக வருகிறது. கல்லூரி முடிந்து மாலை 5 மணிக்கு அறைக்கு வந்து இரண்டு மணி நேரம் தூங்கினால், இரவுக்கென்று சேர்ந்திருந்த சாம்பலில் பெரும் பங்கை அப்போதே அள்ளிக் கொட்டிவிடுகிறோம். இரவு 11 மணிக்குப் புரண்டு புரண்டு படுக்க அறைத்தோழன் போட்ட விளக்கு மட்டும் காரணமாக இருக்காது. பகலில் கண்ணசர வேண்டுமென்றால் 3 மணிக்கு முன்னால், 20 நிமிடம், அலாரம் வைத்துக்கொண்டு. அதைவிட நீண்டால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம். அங்கிருந்து எழுப்பப்பட்டால் அரை மணி நேரத்துக்குத் தூக்கக் கலக்கம் தெளியாது.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் காபி

கிளாம்பாக்கத்திலோ கோயம்பேட்டிலோ பொங்கலுக்கு ஊர் போகும் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருப்போம். காபியிலும் டீயிலும் இருக்கும் காஃபீன் செய்வதும் அதுதான். அதன் வடிவம் அடினோசினைப் போலவே இருப்பதால், அடினோசின் உட்கார வேண்டிய இருக்கையில் காஃபீன் துண்டைப் போட்டுவிடுகிறது. இதனால் அடினோசின் குறைவதில்லை. உட்கார இடமில்லாமல் படியில் நிற்கிறது, நேரம் ஆக ஆகக் கூட்டமும் கூடுகிறது. துண்டு எடுக்கப்பட்டதும் நின்றிருந்த கூட்டம் மொத்தமாக வந்து உட்காரும். காபியின் வேகம் அடங்கியதும் திடீரென்று சோர்ந்து விழுவது இதனால்தான். காபி தூக்கத்தைப் போக்கிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அது தள்ளி மட்டுமே வைத்திருந்தது.

குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு வெளியேறப் பெரும்பாலானவர்களுக்கு 5, 6 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு ஒரு ஸ்ட்ராங் ஃபில்டர் காபி குடித்தால், நள்ளிரவை நெருங்கும்போதும் அதில் பாதி உள்ளே இருக்கும். டீயில் காபியைவிடக் குறைவுதான். ஆனால் கடை வாசலில் நண்பர்களோடு நின்றால் டீ ஒன்றோடு நிற்பதில்லை. "நான் காபி குடிச்சுட்டே தூங்குவேன்" என்று சொல்பவர்கள் தூங்குவது உண்மைதான். ஆனால் அந்தத் தூக்கத்தின் ஆழம் குறைகிறது, அவர்களுக்கு அது தெரிவதில்லை. கடைசிக் காபியை மதியம் 3 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

இதுவரை பார்த்தது முதல் ஏற்பாடு மட்டும்: விழித்திருந்தால் அடினோசின் சேரும், தூங்கினால் குறையும், காபி அதை மறைக்கும். ஆனால் இது மட்டுமே உண்மை என்றால், இரவு முழுக்கக் கண்விழித்துப் படித்தவன் காலை 8 மணிக்குத் துவண்டு விழ வேண்டும். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. 4 மணிக்குத் தாங்க முடியாமல் இருந்தவன் 8 மணிக்கு ஓரளவு தெளிந்து, பரீட்சை எழுதப் போய்விடுகிறான். ஏன்?

மெதுவாக ஓடும் கடிகாரம்

என் தாத்தா வீட்டுச் சுவர்க்கடிகாரம் தினமும் கொஞ்சம் பின்தங்கும். காலையில் வானொலிச் செய்தி தொடங்கும்போது அவர் ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைச் சரி செய்வார். நம் மூளைக்குள்ளும் அப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட சின்னஞ்சிறு தொகுதி அது. உடல் கடிகாரம் என்கிறோம். எப்போது விழிப்பு கூட வேண்டும், எப்போது உடல் வெப்பம் குறைய வேண்டும் என்பதை எல்லாம் அது நேரம் பார்த்துச் சொல்கிறது. அடினோசின் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. விடிந்ததும் விழிப்பு மணியை அடித்துவிடும். இரவெல்லாம் கண்விழித்தவன் காலையில் தெளிவது அந்த மணியால்தான்.

இது வெளியுலகத்தைப் பார்த்து மட்டும் ஓடுவதில்லை. 1938இல் நதானியல் கிளைட்மன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மாமத் குகைக்குள், சூரியனே தெரியாத ஆழத்தில், ஒரு மாணவரோடு 32 நாள் தங்கினார். ஒரு நாளை 28 மணி நேரமாக வைத்து வாழ்ந்து பார்த்தார்கள். மாணவர் ஓரளவு அந்த நேரத்துக்கு மாறிக்கொண்டார். கிளைட்மனின் உடல் வெப்பமோ ஏறக்குறைய 24 மணி நேரக் கணக்கிலேயே ஏறி இறங்கியது. செல்லுக்குள் இந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டறிந்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

தாத்தாவின் கடிகாரம் போலவே இதுவும் பெரும்பாலானவர்களுக்குச் சற்று மெதுவாக ஓடும். சராசரியாக அதன் ஒரு சுற்றுக்கு 24 மணி நேரத்தைவிட 10, 15 நிமிடம் அதிகம் ஆகிறது. தினமும் காலையில் யாராவது முள்ளைத் திருப்ப வேண்டும். அதைச் செய்வது வெளிச்சம். கண்ணில் பார்ப்பதற்கான செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவைக் கணக்கெடுக்க என்றே தனியாகச் சில செல்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் கடிகாரம் முன்னால் நகரும், அன்று இரவு தூக்கம் சற்று முந்தி வரும். இரவில் பிரகாசமான வெளிச்சம் பட்டால் பின்னால் நகரும். வெளிச்சம் குறைந்ததும் மூளையின் உள்ளே ஒரு சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனை வெளியிடும். இருட்டிவிட்டது என்று உடல் முழுக்கத் தண்டோரா போடுவது அதன் வேலை. தூக்கத்தை அதுவே உண்டாக்கிவிடுவதில்லை, இரவு வந்துவிட்ட செய்தியைத்தான் கொண்டுபோகிறது.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. ட்யூப்லைட் போட்ட அறை நமக்கு நல்ல வெளிச்சமாகத் தெரிகிறது. ஆனால் வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், அங்கே இருப்பது சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான காலையில் மொட்டைமாடியில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும், நல்ல வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். ஜன்னல் மூடிய பிஜி அறையில் 9 மணிக்கு எழுந்து, ஹெல்மெட்டோ துப்பட்டாவோ சுற்றிக்கொண்டு வகுப்புக்கு ஓடுபவர்களின் கடிகாரத்தை யாரும் சரியாகத் திருப்புவதே இல்லை.

20 வயதில் நள்ளிரவு ஏன் பகல் போல இருக்கிறது

"இந்தக் காலத்துப் பசங்க ராக்கோழி" என்று திட்டு வாங்காதவர் நம்மில் குறைவு. பதின்பருவத்தில் உடல் கடிகாரம் தானாகவே பின்னால் தள்ளிப்போகிறது. 20 வயதை ஒட்டி அது உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் திரும்பி வருகிறது. பல நாடுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே 19 வயதுக்காரருக்கு இரவு 10 மணிக்குத் தூக்கம் வராததை ஒழுக்கக் குறைவு என்று சொல்வது நியாயமில்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் கடிகாரம் விழிப்பை மேலே பிடித்து வைத்திருக்கும். தினமும் 1 மணிக்குத் தூங்குபவர், நாளை பரீட்சை என்று 10 மணிக்குப் படுத்தால் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பது அதனால்தான்.

ஆனால் "நான் ராத்திரி ஆள், அப்படித்தான்" என்று அதோடு விட்டுவிடவும் முடியாது. இயற்கை ஒன்றிரண்டு மணி நேரம்தான் தள்ளுகிறது. மீதியைத் தள்ளுவது இரவு வெளிச்சமும் பிந்தி எழுவதும்.

பிடிக்க வேண்டியது எழும் நேரத்தை

தூக்க அழுத்தம், உடல் கடிகாரம் என்ற இந்த இரண்டையும் சேர்த்து ஒரே படமாக 1982இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் விளக்கினார். சேர்ந்த சாம்பலும் கடிகாரத்தின் இரவும் ஒரே நேரத்தில் சந்தித்தால் நல்ல தூக்கம். ஒன்று முந்தி இன்னொன்று பிந்தினால் புரளல்.

இப்போது நம் அறைக்கு வருவோம். படுக்கும் நேரம் நம் கையில் இல்லை. அறைத்தோழன், மாடியில் நடக்கும் பிறந்தநாள், 12 மணிக்கு முடிய வேண்டிய அசைன்மென்ட் என்று அதைப் பத்துப் பேர் தீர்மானிக்கிறார்கள். எழும் நேரம் கிட்டத்தட்ட நம் கையில்தான் இருக்கிறது. அதைப் பிடித்தால் இரண்டு ஏற்பாடுகளும் சேர்ந்து வசமாகின்றன: அடுப்பு தினமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும், கடிகாரத்துக்கு வெளிச்சமும் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

கணக்கு எளிது. தினமும் 7 மணிக்கு எழுபவருக்கு இரவு 11 மணிக்கு 16 மணி நேரச் சாம்பல் சேர்ந்திருக்கும். அவரே ஞாயிறு அன்று 11 மணிக்கு எழுந்தால் இரவு 11 மணிக்கு 12 மணி நேரம்தான் ஆகியிருக்கும், கடிகாரமும் பின்னால் நகர்ந்திருக்கும். திங்கள் காலை வகுப்பில் கண் எரிவதற்கான காரணம் ஞாயிறு காலையிலேயே நடந்துவிட்டது. வாரம் முழுக்கத் தூக்கம் குறைந்தவர் விடுமுறையில் கொஞ்சம் சேர்த்துத் தூங்குவதில் தப்பில்லை. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள். நான்கு மணி நேரம் வேண்டாம்.

எழுந்த அரை மணிக்குள் 15, 20 நிமிடம் வெளிச்சத்தில் இருங்கள். பல் தேய்ப்பதை மொட்டைமாடியில் வைத்துக்கொள்ளலாம், டீக்கடைக்கு நடந்து போகலாம். சென்னையில் ஜூன் மாதம் 5.45க்கு முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரியில் 6.30 தாண்டும். பெண்கள் விடுதிகள் பலவற்றில் மாடிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள், அது எனக்கு வருத்தமான விஷயம். காலையில் ஒரு மணி நேரமாவது திறந்துவிடச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. அது முடியாவிட்டால் கிழக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து காலை உணவைச் சாப்பிடலாம்.

தூங்காத காவல்காரன்

மூன்றாவதாகச் சொன்னது தடுக்கும் ஏற்பாடு. தூங்கும்போதும் மூளையில் ஒரு பகுதி காவல் காக்கிறது, ஆபத்து வந்தால் எழுப்ப. இதை விழிப்புக் காவல் என்று வைத்துக்கொள்வோம். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராமல் இருப்பது இதனால்தான். தூக்க ஆய்வுக் கூடங்களில்கூட முதல் இரவின் பதிவைத் தனியாகவே பார்ப்பார்கள். ஹாஸ்டலுக்கு வந்த முதல் வாரம் தூங்க முடியாமல் தவிக்கும் முதலாண்டு மாணவர்கள் பயப்பட வேண்டாம். இடம் பழகினால் காவல் தளரும்.

இந்தக் காவல்காரன் சத்தத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. மாற்றத்தைப் பார்க்கிறான், அர்த்தத்தையும் பார்க்கிறான். தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் மின்விசிறியில் தூங்கிவிடுவோம், கரண்ட் போய் அது நின்றதும் விழித்துக்கொள்வோம். ஊரே சத்தம் போட்டாலும் தூங்குபவர், தன் பெயரை மெதுவாகச் சொன்னால் எழுவார். அறையில் இருவர் காதோடு காதாகப் பேசுவது, தூரத்தில் போகும் மின்சார ரயிலைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுப்பதும் அதனால்தான். ரயில் சத்தத்தில் நமக்கு எந்தச் செய்தியும் இல்லை.

ஆகவே அறையை நிசப்தமாக்க வேண்டும் என்று போராட வேண்டாம், அது நடக்காது. திடீர் சத்தங்களைக் குறைத்தால் போதும். மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் சின்னச் சத்தங்களை மூடிவிடும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பானை உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்து, விரியும் வரை அழுத்திப் பிடித்தால் பேச்சுச் சத்தம் நன்றாகக் குறையும். பஞ்சு அடைத்தால் அந்த அளவுக்குப் பயன் இல்லை.

தெருச் சத்தத்துக்கு ஒரு தகவல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் தடை விதிக்கின்றன. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு விலக்கு அளிக்கலாம். ஆடி மாதத்தில் ஸ்பீக்கர் உங்கள் ஜன்னலைப் பார்த்தே கட்டியிருந்தால், விழாக் குழுவில் ஒருவரிடம் பகலில் போய்த் தன்மையாகச் சொல்லிப் பாருங்கள், "அண்ணா, பரீட்சை இருக்கு, கொஞ்சம் திருப்பிக் கட்டுங்க" என்று. பெரும்பாலும் கேட்பார்கள்.

வெக்கையும் விளக்கும் போனும்

தூக்கம் வரும்போது உடலின் உள் வெப்பம் இறங்கத் தொடங்கும், இரவில் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் குறையும். அந்தச் சூடு உள்ளங்கை, உள்ளங்கால் வழியாக வெளியே போகிறது. கத்திரி வெயில் காலத்தில் சென்னையின் இரவு வெக்கையும் ஈரப்பதமும் இதைத் தடுக்கின்றன. வியர்வை காயாவிட்டால் சூடு இறங்காது. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் குளிப்பது உண்மையிலேயே உதவும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் இரவிலும் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர் ரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவரும், அங்கிருந்து சூடு வெளியேறும். கடைசி மாடி அறையில், அடுக்குக் கட்டிலின் மேல் தட்டில் படுப்பவருக்கு, பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் கூரை நேராக முகத்தில் அனல் அடிக்கும். மே மாதத்தில் அவர் தரையில் பாய் விரித்துக்கொள்வதே மேல். கொசுவுக்கு வலைதான் நல்லது, சுருள் புகையை நாலு பேர் மூடிய அறையில் சுவாசிக்க வேண்டியதில்லை.

கீழ்த் தட்டில் படுப்பவர் அம்மாவின் பழைய பருத்திப் புடவையைச் சுற்றிக் கட்டினால் விளக்கு வெளிச்சம் பெருமளவு குறையும், காற்றும் வரும். புடவை இல்லாவிட்டால் கறுப்புத் துணியை மடித்துக் கண்மேல் போடலாம்.

போனைப் பற்றிப் பேசும்போது நீல வெளிச்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குப் பங்கு உண்டு. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் முழுப் பிரகாசத்தில் திரையில் படித்தவர்களுக்கு மெலடோனின் தொடங்குவது ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனது. ஆனால் அவர்கள் தூங்க எடுத்துக்கொண்டது, அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிடச் சுமார் 10 நிமிடம்தான் அதிகம். நம்மை 2 மணி வரை விழிக்க வைப்பதில் வெளிச்சத்தைவிட உள்ளே ஓடும் ரீல்ஸுக்கும், பதில் வராத மெசேஜுக்கும் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். அவை காவல்காரனை உசுப்பிவிடுகின்றன. திரையின் நிறத்தை மஞ்சளாக்கிவிட்டு அதே சண்டையை வாட்ஸாப்பில் தொடர்வதில் பயனில்லை.

பாய் சுருட்டி வைத்த வழக்கம்

பிஜி அறையில் கட்டில்தான் எல்லாம். அதில்தான் சாப்பாடு, படிப்பு, படம், அழுகை. இதனால் மூளைக்குக் கட்டில் என்றால் விழிப்பு என்று பழகிவிடுகிறது. நம் வீடுகளில் காலையில் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். இரவு விரித்தால் அது தூக்கத்துக்கு மட்டும். தூக்கமின்மைக்கான சிகிச்சையில் இதே கருத்து இன்று முக்கியமான பகுதி: படுக்கையைத் தூங்க மட்டும் பயன்படுத்து, தூக்கம் வராவிட்டால் எழுந்து போ.

தனி நாற்காலி இல்லாத அறையில் இப்படிச் செய்யலாம். பகலில் தலையணையைக் கால்மாட்டில் வைத்து, எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்து படியுங்கள். இரவில் விரிக்க என்றே ஒரு போர்வையைத் தனியாக வையுங்கள். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் படிக்கட்டிலோ பால்கனியிலோ போய் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். மணி பார்த்துக்கொண்டே கிடப்பதுதான் மிக மோசம்.

பரீட்சைக்கு முந்தைய இரவு

தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. முதல் பாதி இரவில் ஆழ்தூக்கம் அதிகம். கண்மணிகள் வேகமாக அசைய, கனவுகள் அதிகம் வரும் கனவுத் தூக்கம் விடியலை நெருங்கும்போது அதிகம். பகலில் படித்தது மூளையில் ஊன்றி நிற்பதற்கான வேலை இந்தத் தூக்கத்துக்குள் நடக்கிறது. அதிகாலை 4 மணிக்கு எழுந்து படிக்கிறேன் என்று 1 மணிக்குப் படுப்பவர், கடைசிச் சுற்றுகளை அப்படியே வெட்டி எறிகிறார். 10 மணிக்குத் தூங்கி 5 மணிக்கு எழுபவருக்குப் பொருந்தும் பெருமையை அவர் எடுத்துக்கொள்ள முடியாது.

18 முதல் 25 வயதுக்குப் பரிந்துரைக்கப்படுவது 7 முதல் 9 மணி நேரம். "எனக்கு அஞ்சு மணி நேரம் போதும், பழகிருச்சு" என்று சொல்வதை நான் இப்போது நம்புவதில்லை. 2003இல் வெளிவந்த ஆய்வில், 14 நாள் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. ஆனால் தூக்கக் கலக்கமாக இருக்கிறதா என்று கேட்டால், சில நாள்களுக்குப் பிறகு பெரிதாக இல்லை என்றே சொன்னார்கள். அவர்களுக்குப் பழகிப்போனது குறைந்த தூக்கம் இல்லை, அதன் பாதிப்பை உணராமல் இருப்பதுதான்.

வண்டி ஓட்டுபவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர் அளவுக்கு இறங்குகிறது. இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லையே 0.03 சதவீதம்தான். இரவு 1 மணிக்கு ஈசிஆரில் பைக் எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் போகலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இத்தனையும் செய்தும் வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் வராமல் மூன்று மாதம் தொடர்ந்தால், அல்லது குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதாக அறைத்தோழர் சொன்னால், மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நண்பரிடம் வாங்கிப் போட வேண்டாம். மனம் கனத்துத் தூக்கம் போகிறதென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

நாலு பேரும் உட்கார்ந்து பேசுவது

எங்கள் அறையில் கடைசியில் பயன்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு. சண்டை முற்றிய இரவில் பேசவில்லை, பிரியாணி சாப்பிட்ட மதியத்தில் பேசினோம். "சத்தம் போடாதே" என்று யாரும் யாரையும் சொல்லவில்லை. எது எவரை எழுப்புகிறது என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். கேம் ஆடுபவனின் சத்தம் யாரையும் தொந்தரவு செய்யவில்லை, அவன் நடுவில் திடீரென்று கத்துவதுதான் தூக்கிப் போட்டது. வேலைக்குப் போகிறவன் தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது. மறுநாளே தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டான், மாற்றுத் துணியை முன்கூட்டியே குளியலறையில் வைக்க ஆரம்பித்தான். 11.30க்கு மேல் பெரிய விளக்கு வேண்டாம், படிப்பவர் மேசை விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார் என்று முடிவானது.

5 மணி அலாரக்காரன்தான் கொஞ்சம் சங்கடப்பட்டான். ஒரு மாதம் கழித்து மணிக்கட்டில் அதிரும் வாட்ச் ஒன்றை வாங்கி வந்தான். அதற்கு அடுத்த நாள் காலை நான் கண் விழித்தபோது மணி 6.40. அவன் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு, நாலு பேருக்கும் டீ வாங்கி வந்திருந்தான்.